சூடு ஆறும் வரை

ஏரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருக்கு விசில்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். மிதிபடகில் போகிறவர்கள் மிதவை கட்டிய எல்லையைத் தாண்டினால் ஊதுவார். எழுந்து நின்று போட்டோ எடுத்தால் ஊதுவார். மிதவை அங்கியின் பக்கிளைக் கழற்றினால் இரண்டு தடவை ஊதுவார். வீட்டுக்கு வந்தாலும் அது கழுத்தைவிட்டு இறங்காது. "சாப்பாட்டுல உப்பு பத்தலைன்னா அதையும் ஊதித்தான் சொல்லப் போறீங்களா?" என்று மனைவி கேட்பாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்கச் சூட்டில் நின்றாலும் நாக்கு மட்டும் வாடாது.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் குடிநீர் நிலையம் ஒன்றில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தார். பம்புகள் தானாக ஓடக் கற்றுக்கொண்டதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீச்சல் தெரியும், இன்ஜினும் தெரியும் என்பதால் ஏரிக்கரைப் பூங்காவில் மீட்புப் படகுக்கு எடுத்துக்கொண்டார்கள். மீட்புப் படகு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆரஞ்சு வண்ணம் அடித்த ஒரு ஃபைபர் படகு, ஒரு சுருள் கயிறு, இரண்டு துடுப்பு, பின்பலகையில் இறுக்கிய ஒரு பழைய பெட்ரோல் இன்ஜின். அந்த இன்ஜினுக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. மூடியில் இருந்த எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்து, வெள்ளைத் தழும்பு மட்டும் மிச்சம் இருந்தது.

காலை எட்டரைக்கு வந்துவிடுவார். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறப்பார். குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை பிசைவார். சோக்கை இழுத்துவிட்டு, ஒரு காலைப் பின்பலகையில் ஊன்றி, கயிற்றைப் பிடித்து இழுப்பார். மூன்றாவது இழுப்பில், மிஞ்சிப்போனால் நாலாவதில், இன்ஜின் இருமிக்கொண்டு எழும். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார். பிறகு கவுன்டரில் இருக்கும் பதிவேட்டில் 'இன்ஜின் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் இது நடந்தது.

வம்பு எங்கே என்றால், காலையில் சொன்ன பேச்சைக் கேட்கிற அந்த இன்ஜின் மதியத்தில் கேட்காது. மிதி உடைந்த படகு எதையாவது இழுத்துவந்து நிறுத்திவிட்டு, கால்மணி நேரத்தில் மறுபடி கிளப்பப் பார்த்தால், செத்த பிணம். இழுக்க இழுக்கத் தோள்பட்டை கழன்றுவரும்; ஒரு முனகல்கூட வராது. முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு வந்து இழுத்தால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். பெட்ரோல் அதிகமாக ஏறி மூழ்கிப்போகிறது என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். பக்கத்தில் போனால் பெட்ரோல் வாசனையும் அடிக்கும். கிளம்பாத கோபத்தில் சோக்கை இழுத்து இழுத்து விடுவதே அவர்தான், வாசனை அடிக்காமல் என்ன செய்யும்? அதனால் அந்த மாதிரி நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார். டீ குடித்து, டிக்கெட் கொடுக்கும் அக்காவிடம் நாலு வார்த்தை பேசித் திரும்பினால், இன்ஜினுக்கும் கோபம் தணிந்திருக்கும்.

மேனேஜரிடம் சொல்லாமல் இல்லை. இரண்டு தடவை எழுதியும் கொடுத்தார். இரண்டு தடவையும் மெக்கானிக் காலை ஒன்பது மணிக்கு வந்தார். டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்ததும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரி, இன்ஜின் இரண்டாவது இழுப்பில் கிளம்பி விசில்காரர் மானத்தை வாங்கியது. "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே ஓடுது," என்று பிளக்கை மாற்றிவிட்டு மெக்கானிக் போய்விட்டார்.

"அப்ப ரிஜிஸ்டர்ல என்ன சார் எழுதட்டும்?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"காலைல ஸ்டார்ட் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு."

"அப்ப சரின்னு எழுதுங்க. வேற ஏதாவது எழுதினீங்கன்னா அத்தனை படகையும் கரையில கட்டிப் போடச் சொல்வாங்க. அப்புறம் உங்களுக்கும் எனக்கும் என்ன வேலை?"

எழுதியது பொய் இல்லை. அதுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று.

அன்றைக்குச் சனிக்கிழமை. மதியம் மிதி கழன்ற ஒரு படகை இழுத்துவந்து, இரண்டு மணிக்கு இன்ஜினை நிறுத்தினார். இரண்டு இருபதுக்கு ஏரி நடுவிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

ஒரு குடும்பம். கணவன், மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் செருப்பு தண்ணீரில் விழுந்து மிதந்திருக்கிறது. தகப்பன் எட்டி எடுக்கப் போய்த் தண்ணீரில் விழுந்திருக்கிறார். கொஞ்சம் தொந்தி உள்ள மனுஷன். மிதவை அங்கி வயிற்றைப் பிடிக்கிறது என்று பக்கிளைக் கழற்றிவைத்திருந்தார். விழுந்த வேகத்தில் அங்கி தலைவழியே கழன்று தனியாக மிதந்தது. நீச்சல் தெரியாது. அவர் மனைவி ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். இரண்டு பேர் மிதிக்க வேண்டிய படகு ஒரே பக்கமாகத் திரும்பி, நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

விசில்காரர் மீட்புப் படகில் குதித்துக் கட்டுக் கயிற்றை அவிழ்த்தார். இன்ஜின் கயிற்றை இழுத்தார். சத்தமில்லை. மறுபடி இழுத்தார். சோக்கைத் தள்ளினார், இழுத்தார். ரப்பர் பல்பைப் பிசைந்தார். ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து இழுத்தார். இந்த இழுப்பில் வந்துவிடும், இதோ இந்த இழுப்பில் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது. கடைசியில் கயிற்றை விட்டுவிட்டு, காலடியில் கிடந்த துடுப்பை எடுத்து வலித்தார். இருநூறு மீட்டர்தான். போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மேலே ஒன்றும் இல்லை. மூன்று தடவை முங்கி, மூன்றாவது தடவை சட்டைக் காலரைப் பிடித்து ஆளைத் தூக்கினார். கரையில் போட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸில் வந்தவர், "போதும், விடுங்க," என்று அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

கரையில் நின்ற யாரோ ஒருவர் எல்லாவற்றையும் செல்போனில் எடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் அது எல்லார் கைக்கும் போய்விட்டது. அதைப் பார்த்துத்தான் விசில்காரருக்கே கணக்குத் தெரிந்தது. இருபத்திமூன்று தடவை இழுத்திருக்கிறார். சலவைக்கூடத்தில் கூட வேலைசெய்யும் ஒருத்தி அவர் மனைவியிடம் போனை நீட்டி, "இந்த ஆளைப் பாரேன், தண்ணியில ஒருத்தன் சாகும்போது இவன் கயிறு இழுக்கிறான்," என்றாளாம். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். இதை அவள் அவரிடம் சொன்னது ஆறு மாதம் கழித்து.

விசாரணைக் குழு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. மூன்று அதிகாரிகள். படகுத்துறை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"இன்ஜின் ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்றீங்க. எங்க, இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

நாலு நாளாக ஆறிக்கிடந்த இன்ஜின். அவர் கயிற்றைப் பிடித்தார். கிளம்பிவிடக் கூடாதே என்று ஓர் இன்ஜினிடம் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் கிளம்பி, கணீரென்று ஓடியது. மேனேஜர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது சூடானாத்தான் மக்கர் பண்ணும். அரைமணி நேரம் ஓட்டி, நிறுத்தி, கால்மணி நேரம் கழிச்சுப் பாக்கணும் சார்."

"எங்களுக்கு பன்னெண்டு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கு," என்றார் நடுவில் இருந்தவர். பதிவேட்டைத் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"சரி, சரி, சரி... ஆறு வருஷமா சரின்னுதானே எழுதியிருக்கீங்க? அன்னைக்குக் காலைலயும் சரி. அன்னைக்கு மதியம் மட்டும் எப்படிங்க சரியில்லாம போகும்?"

எழுதிக்கொடுத்த இரண்டு கடிதமும் ஃபைலில் இல்லை என்றார் மேனேஜர். வந்ததாக ஞாபகமும் இல்லை என்றார். அன்று சாயங்காலமே சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. விசிலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அது பூங்காவின் சொத்தாம்.

அதன் பிறகு அவருக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. இன்ஜின், இன்ஜின், இன்ஜின். சாப்பிடும்போது தட்டு ஓரத்தில் விரலால் டேங்க் வரைவார், குழாய் வரைவார், கார்புரேட்டர் வரைவார். மனைவியின் தம்பி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருசக்கர வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்தான். தினமும் அங்கே போய் ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து அதே கதையைச் சொல்வார். ஒரு நாள் அவன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒரு வண்டி கிளம்பலைன்னா மூணு விஷயம்தான். பெட்ரோல் வரணும், பிளக்ல கரன்ட் வரணும், உள்ள அமுக்கம் இருக்கணும். நீங்க பெட்ரோலையே பிடிச்சுத் தொங்கறீங்க. சூடா இருந்து கிளம்பாத நேரத்துல பிளக்கைக் கழட்டிக் கரன்ட் வருதான்னு பாத்தீங்களா?"

அவர் டப்பாவின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"கிளம்பலைன்னா டீ குடிக்கப் போயிடுவேன், மாப்ள."

"கிளம்பாதப்பத்தானே மாமா பாக்கணும்? கிளம்பினப்புறம் பாத்து என்ன பண்ண?"

இரண்டு நிமிஷ வேலை. ஸ்பேனர் படகிலேயே இருந்தது. பிளக்கைக் கழற்றி, இன்ஜினின் இரும்போடு ஒட்டிப் பிடித்து, கயிற்றை ஒரு இழு. நீலப் பொறி வந்தால் கரன்ட் உண்டு, வராவிட்டால் இல்லை. பதினாறு வருஷம் பம்பு ஓட்டியவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் டீக்கடைக்குப் போனார்.

இன்ஜினைப் பூங்காவின் சாமான் அறையில் பூட்டிவைத்திருந்தார்கள். சாவி டிக்கெட் அக்காவிடம் இருந்தது. அவர் கேட்கவில்லை, அவளே சொல்லி அனுப்பினாள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. பத்து மணி வாக்கில் மைத்துனன் பின்வாசல் வழியாக ஒரு பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தான். தண்ணீர் நிரப்பி, பலகையில் இன்ஜினை இறுக்கி, அடிப்பகுதியை டிரம்முக்குள் இறக்கினார்கள். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. அரைமணி நேரம் ஓடவிட்டார்கள். புகையில் டிக்கெட் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் காவல் நின்றாள். நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தார்கள்.

"இப்ப இழுங்க மாமா." மைத்துனன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

பத்துத் தடவை இழுத்தார். உயிர் இல்லை. பிளக்கைக் கழற்றி இரும்பில் ஒட்டிப் பிடித்து இழுத்தார்கள். பொறி இல்லை. புதுப் பிளக்கைப் போட்டும் பொறி இல்லை. மைத்துனன் மேலே இருந்த சக்கரத்தைக் கழற்றி, அடியில் இருந்த, பிளக்குக்குக் கரன்ட் அனுப்பும் காயிலை டார்ச் அடித்துக் காட்டினான். பூச்சில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. ஓடும்போது சுற்றிவரும் தண்ணீர் இன்ஜினைக் குளிர்விக்கிறது. நிறுத்தியதும் அது நின்றுவிடும், உள்ளே இருக்கும் சூடெல்லாம் மேலே ஏறும், வெடிப்பு விரியும், கரன்ட் அங்கேயே ஒழுகிப்போகும். ஆறினால் வெடிப்பு மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து இழுத்தபோது, பிளக் முனையில் பொறி நீலமாகத் தெறித்தது.

விசில்காரர் சிரித்தார். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. "பாத்தியா மாப்ள, பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று மைத்துனன் முதுகில் ஓங்கி அடித்தார்.

"அண்ணே," என்றாள் வாசலிலிருந்து டிக்கெட் அக்கா, மெதுவாக. "சிரிக்காதீங்க அண்ணே."

வீடியோவையும் இரண்டு பக்கக் கடிதத்தையும் குழுவுக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது வாரம் நாலு வரியில் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட நபரே அனுமதியின்றிப் பிரித்துப் பார்த்த இயந்திரத்தைச் சான்றாக ஏற்க இயலாது. காயிலில் உள்ள வெடிப்பு அப்போது உண்டாக்கப்பட்டதாகவும் இருக்கலாம். கடமை தவறியதோடு சான்றைக் கலைத்ததற்காகவும் அவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.

சாவி கொடுத்த டிக்கெட் அக்காவுக்கும் மெமோ வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வேறொரு பூங்காவுக்கு அவளை மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்க அங்கே போனார். கவுன்டர் ஜன்னலில் கூட்டம் நின்றது. அவரைப் பார்த்ததும், "விடுங்கண்ணே, இங்க ஃபேன் நல்லா ஓடுது," என்று சொல்லி அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தாள்.

அன்று வீட்டில் உட்கார்ந்து அவர் மறுபடி தட்டில் விரலால் வரையத் தொடங்கினார். மேல்முறையீடு, வேறு மெக்கானிக், வேறு சோதனை. மனைவி தட்டைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"காயில்தான் காரணம்னு ஊரே ஒத்துக்கிட்டா உங்களுக்கு என்ன ஆகும்?"

"என் மேல தப்பில்லன்னு ஆகும்."

"அப்படியா?" என்றாள். தட்டைக் கழுவும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

செத்துப்போனவரின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். முகவரியை டிக்கெட் அக்கா கொடுத்திருந்தாள். கதவைத் திறந்ததும் விசில்காரருக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. வட்டமடித்த படகில் பார்த்த முகம். அடிக்க வந்திருப்பாள், காறித் துப்ப வந்திருப்பாள் என்று நினைத்து, வாசலிலேயே நின்றார். அவர் மனைவிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உள்ள வாம்மா," என்றாள்.

அந்தப் பெண் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்ஜின்ல ஏதோ கோளாறுன்னு டிக்கெட் குடுக்கறவங்க சொன்னாங்க. நிஜமா?"

"நிஜம்மா. காயில்ல வெடிப்பு. சூடானா..."

"அது எனக்குப் புரியாதுங்க. அது நல்லா இருந்திருந்தா அவர் பொழைச்சிருப்பாரா?"

"ஒரு நிமிஷத்துல வந்திருப்பேன்மா."

அவள் டம்ளரைப் பார்த்தாள். "எங்க வீட்ல செருப்பைப் பத்தித்தான் பேசறாங்க. பாப்பா செருப்பு வாரை நான் மாட்டலையாம். மாட்டியிருந்தா அது விழுந்திருக்காதாம். அத்தை அழும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் அழுவாங்க. பாப்பா முன்னாடியே சொல்றாங்க. அது இப்ப செருப்பே போடமாட்டேங்குது." டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க ஒரு தடவை வந்து மாமாகிட்ட சொல்வீங்களா? இன்ஜினாலதான்னு. நான் சொன்னா எடுபடாது."

விசில்காரருக்கு ஒரு நிமிஷம் நெஞ்சில் காற்றடித்த மாதிரி இருந்தது. இத்தனை மாதத்தில் முதல்முதலாக ஒருத்தர் அந்த இன்ஜினைப் பற்றிச் சொல்லும்படி அவரைக் கேட்கிறார். "வரேன்மா, இப்பவே வரேன்," என்று சட்டையை மாட்டினார். வீடியோ இருந்த போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு. ஜன்னலோரம் மாமனார் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, சுத்தமான வெள்ளைச் சட்டை. உள்ளறைக் கதவு பாதி மூடியிருந்தது. அதன் பின்னால் மாமியார் நிற்பது தெரிந்தது. குழந்தை வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தது. மருமகள் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

விசில்காரர் சொன்னார். காலையில் மூன்றே இழுப்பு என்பதிலிருந்து தொடங்கி, காயில், வெடிப்பு, டிரம்மில் வைத்த சோதனை எல்லாவற்றையும் சொன்னார். போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிவரை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப செருப்பு காரணம் இல்லைன்னு சொல்றீங்க."

"இல்லைங்க. குழந்தைங்க செருப்பு தினம் நாலு விழும். அதுக்குத்தானே என்னை வேலைக்கு வச்சிருக்காங்க."

"எத்தனை தடவை இழுத்தீங்க?"

"இருபத்திமூணு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல."

"துடுப்பு எப்ப எடுத்தீங்க?"

மூன்று அதிகாரிகள், மேனேஜர், மைத்துனன், டீக்கடையில் வழிமறித்தவர்கள், யாருமே கேட்காத கேள்வி. அவர் மனைவி மட்டும், கேட்காமலே, தட்டைப் பிடுங்கிய அன்றைக்கு அந்தக் கேள்வியின் ஓரம்வரை வந்து நின்றிருந்தாள்.

"அதுக்கப்புறம்தான் எடுத்தேன்."

"எங்க இருந்துச்சு?"

"காலடியிலதான் இருந்துச்சு."

"அது சூடானா கிளம்பாதுன்னு உங்களுக்கு ஆறு வருஷமா தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கு அது சூடா இருந்துச்சு."

"இருந்துச்சுங்க."

பெரியவர் குரலை உயர்த்தவில்லை. அவர் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தில் வருகைப் பட்டியலைச் சரிபார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும். "முதல் இழுப்புலயே விட்டுட்டுத் துடுப்பை எடுத்திருந்தா?"

"மூணு நிமிஷம் முன்னாடி போயிருப்பேன்."

"பொழைச்சிருப்பானா?"

எத்தனையோ தடவை ஏரியின் ஒவ்வொரு மீட்டரையும் மனதுக்குள் துடுப்பு வலித்துப் பார்த்தவர்தான். சில நாள் பிழைத்தார், சில நாள் பிழைக்கவில்லை. தெரியாது என்பதுதான் உண்மையான பதில். ஆனால் தெரியாது என்று சொன்னால், அந்த வீட்டில் அந்த இடைவெளியில் மறுபடியும் செருப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். சமையலறையில் சத்தமே இல்லை.

"பொழைச்சிருப்பார்," என்றார். "என் தப்புதாங்க. உங்க மருமக மேல எதுவும் இல்லை."

கதவுக்குப் பின்னால் மாமியார் விசும்பும் சத்தம் கேட்டது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"சொன்னதுக்கு நன்றி. கிளம்புங்க."

படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். மனசு லேசாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். ஒன்றும் லேசாகவில்லை. இன்ஜின் ஒன்றுதான் அவருக்குப் பிடிமானமாக இருந்தது. அதையும் மூன்றாவது மாடியில் விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, "துடுப்பை நீங்க சொல்வீங்கன்னு நான் நினைக்கல," என்றாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். அவருக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி தானாக வந்து, தானாகப் போயிற்று. மைத்துனன் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினான். "வேண்டாம் மாப்ள," என்றார். பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிட்டு ஏரிக்குப் புது இன்ஜின் வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டார். சாவி திருகினால் ஓடுமாம், கயிறே கிடையாதாம்.

இப்போது அவர் கடைத்தெருவின் பின்புறம் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறார். தகரக் கூரை, நூற்றைம்பது வண்டி, இரண்டு ஆள். கிளம்பாத வண்டியை யாராவது உதைத்துக்கொண்டிருந்தால் எட்டிப் பார்க்கமாட்டார். கூட இருக்கும் ஆளை அனுப்புவார்.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் ஒரு ஸ்கூட்டரில் வந்தாள். குழந்தை கூட இல்லை. அவர் சீட்டை நீட்டியபோதுதான் அவரைப் பார்த்தாள்.

"வீட்ல இப்ப எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"செருப்பைப் பத்திப் பேசறதில்ல."

"நல்லதும்மா."

"உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேனே, அதைத்தான் இப்ப பேசறாங்க. மகனைக் கொன்னவனைக் கூட்டிட்டு வந்து நாற்காலி போட்டு உக்கார வச்சவள்னு." சீட்டைக் கைப்பைக்குள் வைத்தாள். குரலில் கோபம் இல்லை, களைத்துப்போன குரல். "நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். இன்ஜின்னு மட்டும் சொன்னா போதும்னுதானே கூப்பிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் ஒதுங்கி, கூட்டத்தோடு கடைத்தெருப் பக்கம் நடந்தாள். சாயங்காலம் அவள் வண்டி எடுக்க வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து, அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் எழுந்து போகவில்லை. நாலு மணிக்கு அடுத்த முறைக்கான ஆள் வந்துவிட்டார். அதற்கு மேலும் ஒரு மணி நேரம் கூரைக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்தார். ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே நின்றது. ஐந்தரைக்கு அவர் வீட்டுப் பக்கம் போகும் கடைசி பஸ்; அதைப் பிடிக்க நடந்தார்.